இரவுக் கேம்புக்கு அனுப்பும் முன்: பெற்றோர் கேட்ட கேள்விகள்

செப்டம்பர் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பகல் கேம்பும் இரவு தங்கும் கேம்பும் இருபது வருடத்துக்கு மேலாக நடத்தி வருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகளுக்கு ஏழு வயது. கோயில் சங்கத்தில் மூன்று இரவு கேம்ப் வைக்கிறார்கள். அனுப்பலாமா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

முதல் தடவைக்கு மூன்று இரவு அதிகம் அம்மா. வயதைவிட வேறு ஒன்றைத்தான் நான் பார்ப்பேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஆயா வீட்டிலோ சித்தி வீட்டிலோ தூங்கியிருக்கிறாளா? நடுராத்திரி பயம் வந்தால் இன்னொரு பெரியவரை எழுப்பிச் சொல்வாளா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஒரு இரவு கேம்புக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் பகல் கேம்பில் தொடங்குங்கள். உங்கள் ஊரிலேயே சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அங்கே மூலிகைச் செடி நாற்றங்காலும் உண்டு. காலையில் போய் மாலையில் திரும்ப நல்ல இடம்.

கிளம்பும்போது "அழுகை வந்தால் போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் பிள்ளைக்கு அந்த நிமிடமே அழுகை நினைவு வந்துவிடும். "ராத்திரி ஏதாவது என்றால் அக்காவிடம் சொல்லு, பார்த்துக்கொள்வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.

மகனுக்கு ஒன்பது வயது. வாரத்தில் இரண்டு நாளாவது படுக்கையை நனைத்துவிடுகிறான். கேம்புக்குப் போக ரொம்ப ஆசை. நடத்துகிறவர்களிடம் சொன்னால் மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ? (பீனிக்ஸ்)

சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதால் வந்த கஷ்டத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். படிவத்தில் உடல்நலக் குறிப்பு என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தது. இரண்டு ராத்திரியும் அவன் தூங்கவே இல்லை. நனைத்துவிடுவோமோ என்ற பயத்தில் படுக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறான். மூன்றாம் நாள் மலை ஏறும் வழியில் ஒரு பாறையில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. இன்றைக்கும் அவன் முகம் எனக்கு மறக்கவில்லை.

முன்கூட்டியே தெரிந்தால் இது பெரிய காரியமே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் கீழ்ப் படுக்கை தருவோம். ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஒரு துண்டை மடித்துப் போடுவோம். நீங்கள் இருண்ட நிறத்தில் இரண்டு பைஜாமாவும், சுருட்டி வைத்த ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையும் கொடுத்தனுப்பினால் போதும். பத்தரை மணிக்கு டார்ச்சைக் கையால் பாதி மூடிக்கொண்டு போய்க் காலைத் தொடுவேன். "வா கண்ணா, போய்ட்டு வந்துடலாம்." மற்றவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். காலையில் நனைந்திருந்தால் எல்லாரும் பல் தேய்க்கப் போன நேரத்தில் அந்தப் பை என் காருக்குப் போய்விடும்.

ஒன்பது வயதில் இப்படி இருக்கிற பிள்ளைகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கேம்ப் நாட்களுக்கு மட்டும் தரக்கூடிய மருந்தும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள். தருவதாக இருந்தால் வீட்டிலேயே ஒரு வாரம் முன்னால் தந்து பாருங்கள்.

நடத்துகிறவர்கள் நம் கோயில்காரர்கள், தெரிந்தவர்கள். அவர்களிடம் போய்ப் பின்னணிச் சான்று கேட்பது மரியாதையா? (ஒரு தந்தை, வெருலம்)

ஐயா, கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர் என்று முடிவானவர்களின் பெயர் அதன் பி பகுதியில் இருக்கும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாலியல் குற்றவாளிகளுக்குத் தனிப் பதிவேடும் உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பவர்கள் இவற்றில் சரிபார்த்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் சமைக்க வரும் பாட்டி வரைக்கும் பார்க்கிறோம். என் பெயரையும் சேர்த்துத்தான்.

காகிதம் மட்டும் போதாது. இன்னும் சில கேளுங்கள்: பெரியவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ காரிலோ தனியாக இருக்க நேருமா? குளிக்கும் இடத்தை யார் எங்கே நின்று பார்த்துக்கொள்கிறார்கள்? கேம்ப் தலைவரைப் பற்றியே பிள்ளைக்கு ஒரு குறை இருந்தால் யாரிடம் சொல்லும்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறினால் இந்த வருடம் அனுப்ப வேண்டாம். அப்புறம், பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்லைன் தொலைபேசி எண் 116 என்பதைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். அழைப்பு இலவசம்.

புரட்டாசி விரதத்தில் கேம்ப் வருகிறது. மகள் சைவம். சமாளிப்பார்களா? (ஐசிப்பிங்கோ)

செப்டம்பர் விடுமுறை கேம்ப் என்றால் இது ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. "சைவம் உண்டா?" என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். "கரி நெருப்பில் வாட்டி ப்ராய் போடும்போது சைவத்துக்குத் தனிக் கம்பி, தனி இடுக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். எங்கள் சங்க கேம்பில் புரட்டாசி என்றால் எல்லாருக்குமே சைவம்தான். பீன்ஸ் கறியைக் குடைந்த ரொட்டிக்குள் ஊற்றி பன்னி சௌவாகக் கொடுத்தால் இறைச்சி எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை.

ட்ராகன்ஸ்பெர்க் மலையில் செப்டம்பர் கடைசியில் குளிர் விட்டிருக்குமா? (அம்ஷ்லாங்கா)

விட்டிருக்கும் என்று நம்பி அனுப்பாதீர்கள். 2024 செப்டம்பரில் அந்த மலைத்தொடரின் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு உறைபனிக் குளிர் பழக்கமில்லை. ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. கம்பளித் தொப்பி, தூங்க மட்டும் என்று தனியாக ஒரு ஜோடி காலுறை வையுங்கள். ஈர ஜீன்ஸ் சீக்கிரம் காயாது, அது வீட்டிலேயே இருக்கட்டும்.

இதைக் கட்டாயம் படியுங்கள்: குளிர்கிறது என்று ப்ராய் கரியைக் கூடாரத்துக்குள்ளோ குடிலுக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. அணைந்ததுபோல் தெரிந்தாலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இதைப் பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள்.

மகன் பள்ளியில் க்ரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் கூட்டிப்போகிறார்கள். மலேரியா மாத்திரை வேண்டுமா? (லெனேஷியா)

அந்தப் பூங்கா இருக்கும் தாழ்நிலம் மலேரியா உள்ள இடம். செப்டம்பரிலிருந்து மே வரை கவனமாக இருக்க வேண்டிய காலம். பிள்ளையின் எடைக்கு ஏற்பத்தான் மருந்து, ஆகவே கிளம்பும் முன்பே கிளினிக்குக்குப் போங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் மருந்து. திரும்பி வந்த பிறகு வாரக்கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "க்ரூகர் போய் வந்தான்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஃப்ளூ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். உண்ணி கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்குத் தட்டி, தலைவலியும் காய்ச்சலும் வந்தாலும் அப்படித்தான், காட்ட வேண்டும்.

ஆஸ்துமா பம்பை யாரிடம் கொடுப்பது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஒன்று பிள்ளையின் பையில், இன்னொன்று தலைவரிடம். பூட்டிய அலமாரியில் இருக்கும் பம்ப் இரவு இரண்டு மணிக்கு உதவாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். 12 வயது நிறைந்து, விஷயம் புரியும் முதிர்ச்சியும் இருக்கிற பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். கேம்பில் தமிழ் வகுப்பு வைத்தால் ஓடிப்போகிறார்கள். (இளைஞர் அணிப் பொறுப்பாளர், டோங்காட்)

வகுப்பே வேண்டாம் தம்பி. விடுமுறைக்கு வந்த பிள்ளையை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தால் ஓடத்தான் செய்யும். தமிழை வேலைக்குள் வையுங்கள். எங்கள் கேம்பில் சமையல் இடத்தில் மட்டும் தமிழ். உப்பு, கரண்டி, சூடு, இன்னும் கொஞ்சம், போதும். தட்டு நீட்டும்போது அதைத் தமிழில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி மூன்றாம் நாள் மதியம், யாரும் சொல்லித் தராமல், "போதும் ஆயா" என்றாள். பரிமாறின அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். தன் சொந்தப் பேரப்பிள்ளைகள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

பெரிய பிள்ளைகளுக்கு நம் முன்னோர் வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியலைக் கொடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் பட்டியலில் இருக்கும். வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஊர்ப்பெயரைப் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். வட ஆற்காட்டு ஊர் ஒன்று அப்படி வாயில் பிடிபடும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன்கள் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதிலேயே இருப்பார்கள்.

இரவு நெருப்பைச் சுற்றி உட்காரும்போது தெருக்கூத்து ஆடத் தெரிந்த தாத்தா யாரையாவது கூப்பிடுங்கள். சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழ் அங்கே பெயரோடு இருக்கிறது. பிள்ளைகள் பாதிப் பேருக்கு அது தெரியாது.

எனக்கு பதினாறு வயது. கேம்பில் உதவியாளராக வரலாமா? (ஒரு மாணவி, சாட்ஸ்வொர்த்)

தாராளமாக வாம்மா. முதலில் ஒரு முதலுதவிப் பயிற்சி முடித்துவிடு. முதல் வருடம் சமையல் இடத்திலும் விளையாட்டிலும் மட்டும் வேலை இருக்கும். ராத்திரி சின்னப் பிள்ளைகளின் கூடாரத்துக்கு உன்னைத் தனியாக அனுப்ப மாட்டோம். எந்தக் கேம்பிலாவது அப்படி அனுப்பினால் முடியாது என்று சொல்லிவிட்டு உன் அம்மாவுக்குப் போன் பண்ணு. வரும்போது நல்ல டார்ச்சும் கூடுதல் பேட்டரியும் எடுத்து வா.