வாகரைத் தங்கச்சிக்கு: கையெழுத்துக்கு முன் கணக்கைக் கேளுங்கள்

வணக்கம் தங்கச்சி. மட்டக்களப்பு வாகரையில் ஒரு தொண்டு நிறுவனம் உங்களைத் தன் உதவித் திட்டத்தின் பயனாளிகள் குழுவில் சேர்த்துவிட்டு, எல்லாம் முடிவான பிறகு கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது.

2004 சுனாமிக்குப் பிறகு திருக்கோவில் பக்கம் எங்களுக்கும் இதுதான் நடந்தது. வீட்டுப் படத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். குசினி வீட்டுக்குள், புகைபோக்கி இல்லை. விறகு வைத்து ஒரு நாள் சமைத்ததும் வீடு முழுக்கப் புகை. அம்மா கிடுகு வாங்கி வெளியில் வேறு குசினி போட்டார். படம் கீறியவர் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

சரி, இப்போதைக்குக் கூட்டத்துக்கு வந்ததைப் பதியும் வரவுத் தாளில் மட்டும் கையெழுத்து வையுங்கள். தீர்மானத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரம் கேளுங்கள். தமிழில் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். செலவுக் கணக்கையும் கேளுங்கள். மறுத்தால், இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டு அரசின் நிதியில் மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனமும், அந்தச் சேவை பற்றிய தகவலைப் பொறுத்தவரை அதில் அடங்கும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும்.

தனியே போகாதீர்கள், மாதர் சங்கத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், கூட்ட நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள். மீன் கரைக்கு வரும் காலையில் யாரால் வர முடியும்?