விக்கிப்பீடியாவில் நீங்கள் போட்ட இணைப்பு ஏன் நீக்கப்பட்டது, எப்படிப் போட்டால் நிற்கும்

கேள்வி: கும்பகோணம் சுற்றுவட்டாரக் கோயில்களைப் பற்றிப் பல வருடங்களாக வலைப்பூ எழுதுகிறேன். போன வாரம் தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி, நிறைய கோயில் கட்டுரைகளின் அடியில் என் வலைப்பூ இணைப்பைச் சேர்த்தேன். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். விளம்பர இணைப்பு சேர்க்க வேண்டாம் என்று என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு. என் வலைப்பூவில் விளம்பரமே கிடையாது. நான் செய்த தவறு என்ன? — ஒரு வாசகர்

உங்கள் எழுத்து மோசம் என்று யாரும் சொல்லவில்லை. நீக்கியவர் உங்கள் வலைப்பூவைத் திறந்து படித்திருக்கவே வாய்ப்பு குறைவு. அவர் பார்த்தது அண்மைய மாற்றங்கள் பக்கத்தை. அதில் நேற்று முளைத்த ஒரு கணக்கு, எந்தக் கட்டுரையிலும் ஒரு வரிகூட எழுதாமல், அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே தளத்தின் முகவரியை ஒட்டிக்கொண்டே போவது தெரிந்திருக்கும். மனை விற்பவர்களும் ஜோதிட நிலையங்களும் செய்வது அச்சு அசலாக இதேதான். சம்பளமில்லாமல் சொந்த நேரத்தில் காவல் காக்கிற அந்தத் தன்னார்வலரால் உங்களையும் அவர்களையும் பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் மொத்தமாக நீக்கிவிட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப் போகிறார். தயவுசெய்து அதைத் திரும்பச் சேர்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். திரும்பத் திரும்பச் சேர்த்தால் முதலில் கணக்கைத் தடுப்பார்கள், அப்புறம் உங்கள் தள முகவரியே தடைப்பட்டியலில் ஏறலாம். ஏறிவிட்டால் அந்த முகவரியைச் சேர்க்கும் எந்த மாற்றத்தையும் மென்பொருளே சேமிக்க விடாது. பட்டியலிலிருந்து அதை எடுக்க வைப்பது பெரும்பாடு.

விளம்பரம் இல்லாத வலைப்பூ என்பது இங்கே கணக்கில் வராது. தன் தளத்தைத் தானே இணைப்பதுதான் சிக்கல், காசு வருகிறதா என்பது அடுத்த கேள்வி. தேடுபொறியில் மேலே வரலாம் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும், கூகுள் 2005இல் கொண்டுவந்த 'நோஃபாலோ' என்ற குறி விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளில் தானாகவே சேர்ந்துகொள்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 ஜனவரியிலிருந்து கட்டுரைகளுக்கும் அதுதான் நடைமுறை. தேடுபொறித் தரவரிசைக்காக அங்கே இணைப்புப் போடுவது வீண்வேலை.

சரி, எந்த இணைப்பு நிற்கும்? தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது, 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கட்டுரையின் அடியில் 'வெளி இணைப்புகள்' பகுதியில் யுனெஸ்கோவின் பக்கம் இருந்தால் யாரும் கைவைக்க மாட்டார்கள், ஏனென்றால் கட்டுரைக்குள் கொண்டுவர முடியாத வரைபடங்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன, அந்தக் கோயிலைப் பற்றி நேரடியாகப் பேசவும் செய்கிறது. ஒரு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை என்றால் அதன் அதிகாரபூர்வத் தளம் போதும். அதோடு முகநூல், யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று வரிசையாக அடுக்க வேண்டியதில்லை. பழைய நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து இதழ்களுக்கும் நூல்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளம், பொதுவாகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றில் உரிய நூலின் பக்கத்துக்கே நேராக இணைப்புக் கொடுத்தால் படிக்கிறவருக்கு உண்மையிலேயே உதவும். முகப்புப் பக்கத்துக்குக் கொடுத்தால் அவர் அங்கே போய்த் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

காப்புரிமையை மீறி ஏற்றப்பட்ட படம், பாட்டு, பி.டி.எஃப் நூல் எதற்கும் இணைப்பே கூடாது. இதில் பேரம் கிடையாது. நாட்டுடைமையான நூல் என்றால் விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான, நூல்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமூலத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வெளியே போகவே வேண்டாம். தேடல் முடிவுப் பக்கம், கணக்குத் தொடங்கினால்தான் திறக்கும் பக்கம், சுருக்கிய முகவரி இவையும் ஆகாது. சுருக்கு முகவரித் தளங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தடைப்பட்டியலில்தான் இருக்கின்றன.

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இன்னொரு இடத்தில். வெளி இணைப்பு வேறு, மேற்கோள் வேறு. கட்டுரையில் எழுதிய ஒரு செய்திக்கு ஆதாரமாகக் காட்டுவது மேற்கோள். அந்த வாக்கியத்தின் முடிவில் எண்ணாக நின்று, விவரம் அடியில் 'மேற்கோள்கள்' பகுதியில் வரும். வெளி இணைப்பு எதற்கும் ஆதாரமில்லை, மேலே படிக்க விரும்புகிறவருக்குக் காட்டும் வழி மட்டுமே. அதனால்தான் அது நாலைந்துக்கு மேல் போனாலே ஆள் வந்து குறைக்கிறார். மேற்கோளுக்கு அப்படி வரம்பு இல்லை, எவ்வளவு நல்ல ஆதாரம் கொடுத்தாலும் வரவேற்பார்கள். கட்டுரையின் நடுவே, ஒரு சொல்லை அழுத்தினால் வெளித்தளத்துக்குப் போகும்படி வைப்பது இரண்டிலும் சேராது, அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பல வருடம் கோயில் கோயிலாகப் போன ஒருவரிடம் விக்கிப்பீடியாவுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது, அது வீணாகப் போகக் கூடாது என்று எனக்கு உண்மையான ஆசை. ஒரு கல்வெட்டைப் பற்றி வலைப்பூவில் எழுதியிருப்பீர்கள். அந்தச் செய்தி எங்கே அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 1890இலிருந்து வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ, தொல்லியல் துறை வெளியீட்டிலோ, ஊர் வரலாற்று நூலிலோ இருந்தால், செய்தியை உங்கள் நடையில் கட்டுரைக்குள் எழுதி, அந்தத் தொகுதியையும் பக்க எண்ணையும் மேற்கோளாகக் கொடுங்கள். இணைப்பு வேண்டுமென்பதே இல்லை, அச்சு நூல் போதும். நீங்களே புதிதாகப் படித்த கல்வெட்டு, எங்கும் வெளிவராதது என்றால் அதை ஆய்விதழில் வெளியிட்ட பிறகுதான் விக்கிப்பீடியா ஏற்கும். சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. இது கடுமையாகத் தோன்றும், ஆனால் யார் எழுதினார் என்று சரிபார்க்க முடியாத இடத்தில் வேறு வழியும் இல்லை.

நீங்களே எடுத்த படங்களை, விக்கிப்பீடியாக்களுக்குப் பொதுவான படக்கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில், யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்தில் ஏற்றுங்கள். எடுத்தவர் பெயர் படத்தின் பக்கத்திலேயே நிற்கும், எல்லா மொழி விக்கிப்பீடியாவும் அதைப் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால், ஒரு சிறிய கோயிலின் நல்ல படம் நூறு இணைப்பைவிடப் பெரிய உதவி.

எழுதும் முறை எளிதுதான். ஒற்றைச் சதுர அடைப்புக்குள் முகவரி, ஓர் இடைவெளி, பிறகு பக்கத்தின் பெயர். இரட்டை அடைப்பு விக்கிப்பீடியாவுக்குள்ளேயே உள்ள கட்டுரைகளுக்கு. முகநூல் வழியாக நகலெடுத்த முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் ஒரு நீண்ட வால் தொங்கும், அது வெறும் பின்தொடரும் குறி என்றால் வெட்டிவிடுங்கள். புதுக்கணக்கில் இணைப்புச் சேர்க்கும்போது நீங்கள் மனிதர்தானா என்று ஒரு சிறு சோதனை வைக்கும், பயப்பட வேண்டாம், தானியங்கிகளைத் தடுக்கத்தான் அது. சுருக்கம் பெட்டியில் என்ன சேர்த்தீர்கள், ஏன் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். செத்துப்போன பழைய இணைப்பைக் கண்டால் நீக்காமல், இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அதன் பழைய நகல் இருக்கிறதா என்று தேடி அந்த முகவரியைப் போடுங்கள். புதியவர் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வலைப்பூவின் ஒரு குறிப்பிட்ட பதிவு ஒரு கட்டுரைக்குத் தேவை என்று நினைத்தால், நீங்கள் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், 'இது என் சொந்த வலைப்பூ. இந்தப் பதிவில் கோயிலின் தரைப்பட அளவுகளும் படங்களும் உள்ளன, வேறெங்கும் கிடைக்கவில்லை. பொருத்தமானதென்றால் யாராவது சேர்க்க முடியுமா?' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். உங்கள் தளம் என்பதை மறைக்காமல் சொல்வது முக்கியம். குறிப்பு வைத்தவரிடமும் அவருடைய பேச்சுப் பக்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அன்பாகவே பதில் வரும். ஒரு வாரமாகியும் உரையாடல் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்கலாம், அங்கே எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.