ஆளே இல்லாத ஊருக்கு இரண்டு எம்.பி.க்கள்

கேள்வி: பிரிட்டனில் யாருமே வசிக்காத ஒரு தொகுதி, சென்னையில் கவர்னராக இருந்தவரின் சொந்தச் சொத்தாக இருந்ததாமே? வைரம் விற்ற பணத்தில் அதை வாங்கினார் என்கிறார்களே, உண்மையா?

முதல் பாதி உண்மை. வைரக் கதையில் ஆண்டுகள் இடிக்கின்றன.

அந்தத் தொகுதியின் பெயர் ஓல்ட் சேரம். (சேர நாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) தெற்கு இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேடு அது. ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு மரப் பாலத்தின் வழியாக உள்ளே போனால், கோட்டைச் சுவர்களின் அடிப்பகுதி மட்டும் சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. கீழே புல்வெளியில் பழைய தேவாலயத்தின் அஸ்திவாரத்தைக் கோலம் போட்டதுபோல் குறித்து வைத்திருக்கிறார்கள். காற்று ஆளையே தள்ளுகிறது. இங்கே யார் குடியிருப்பார்கள் என்று தோன்றியது. அந்தக் காலத்துப் பாதிரிமார்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு, கோட்டைச் சிப்பாய்களோடு ஓயாத சண்டை. 1220 இல் கீழே ஆற்றோரமாகப் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஊரும் மெல்ல மெல்ல அதன் பின்னாலேயே இறங்கிவிட்டது.

ஊர் இறங்கியது, எம்.பி. பதவி இறங்கவில்லை. 1295 இல் முதலாம் எட்வர்டு கூட்டிய நாடாளுமன்றத்திலேயே ஓல்ட் சேரத்துக்கு இடம் இருந்தது. தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள் என்ற ஏற்பாடு 1832 வரை நீடித்தது. அங்கே வாக்குரிமை ஆளோடு அல்ல, மனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட சில மனைகள் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்களுக்கு வாக்கு. மனையில் வீடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆகவே மனைகளை மொத்தமாக வாங்கியவருக்குத் தொகுதியே சொந்தம். இப்படிப்பட்ட தொகுதிகளில் தேர்தல் நெருங்கும்போது உரிமையாளர் நம்பகமான சிலரின் பெயருக்குப் பத்திரம் எழுதித் தருவார். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். நம் ஊர் வழக்கில் சொன்னால் பினாமி வாக்காளர்கள். 1831 இல் அவர்கள் 11 பேர். ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. எல்ம் மரம் ஒன்றின் அடியில் கூடித்தான் ‘தேர்தல்’ நடத்துவார்கள். பார்லிமென்ட் மரம் என்றே அதற்குப் பெயர். அந்த மரம் இப்போது இல்லை.

இனி நம் கவர்னர். தாமஸ் பிட், கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமலேயே இந்தியாவில் வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது, அபராதம் கட்ட வைத்தது. கடைசியில், வெளியே விடுவதைவிட உள்ளே இழுத்துப் போடுவதே மேல் என்று நினைத்ததோ என்னவோ, 1698 இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அவரையே கவர்னராக அனுப்பியது. 1709 வரை அங்கே இருந்தார். நான் பிறந்து வளர்ந்த வியாசர்பாடி, திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் கம்பெனியின் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான், 1708 இல்.

வைரமும் அந்தக் காலத்ததே. 1702 இல் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகன் கொடுத்து, பட்டை தீட்டாத 410 கேரட் கல்லை வாங்கினார். அது பிரெஞ்சு அரசப் பிரதிநிதியான ஆர்லியான்ஸ் கோமகனுக்குக் கைமாறியது 1717 இல். ஆனால் ஓல்ட் சேரத்தை அவர் வாங்கியதோ 1691 இல், கவர்னர் ஆவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே. வைரப் பணத்தில் வாங்கியது கார்ன்வாலில் உள்ள பொகானக் பண்ணை. தொகுதி, அனுமதியில்லா வியாபாரத்தில் வந்த காசு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கதை சுவையாக இருக்கிறது என்பதால் பலரும் சேர்த்தே சொல்கிறார்கள்.

வாங்கிய தொகுதி குடும்பத்துக்கு நன்றாகவே பயன்பட்டது. அவரும் மகன் ராபர்ட்டும் அதிலிருந்து நாடாளுமன்றம் போனார்கள். பேரன்களில் மூத்தவர் 1734 இல் இரண்டு தொகுதிகளில் தேர்வானார். ஒன்றை வைத்துக்கொண்டு, மிச்சமான ஓல்ட் சேரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதுபோல 26 வயதில் அந்த இடத்தில் போய் உட்கார்ந்த தம்பிதான் வில்லியம் பிட், பின்னாளில் பிரதமர். அதே மனிதர் 1766 இல், இத்தகைய தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பகுதி, இந்த நூற்றாண்டைத் தாண்டாது என்று சபையில் முழங்கினார். ஏணியில் ஏறி மாடிக்குப் போனபின் ஏணி உளுத்துவிட்டது என்று சொன்ன கதை. ஆனாலும் அவர் சொன்னது சரிதான். கணக்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மட்டும் பிசகியது.

இன்னொரு வேடிக்கையையும் விட மனமில்லை. தேர்தல் சீர்திருத்தம் வேண்டுமென்று காலமெல்லாம் வாதாடிய ஹார்ன் டூக், 1801 இல் சபைக்குள் நுழைந்தது இதே ஓல்ட் சேரம் வழியாகத்தான். அவர் பாதிரியார் பட்டம் பெற்றவர் என்று கிளப்பி, பாதிரிமார்கள் எம்.பி. ஆகக்கூடாது என்று அதே ஆண்டில் ஒரு சட்டமே போட்டார்கள். தொகுதியின் லட்சணத்தைக் குறை சொல்ல வழியில்லாமல், ஆளின் அங்கியைப் பிடித்துக்கொண்டார்கள்!

1802 இல் பிட் குடும்பம் ஓல்ட் சேரத்தைக் கேலடன் பிரபுவுக்கு 60,000 பவுனுக்கு விற்றது. நிலத்தின் விளைச்சலுக்காக யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். விலை அந்த இரண்டு இருக்கைகளுக்கு. வாங்கிய குடும்பத்துக்கும் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசையாஸ் டு ப்ரே அவர்கள் வீட்டு மாப்பிள்ளை. தொகுதியின் கடைசி இரண்டு எம்.பி.க்களில் ஒருவரான அலெக்சாந்தரின் பெயரிலேயே ‘ஜோசையாஸ் டு ப்ரே’ இருக்கிறது.

அந்தச் சமயத்தில் மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் போன்ற பெரிய தொழில் நகரங்களுக்குத் தனியாக ஒரு எம்.பி.கூட இல்லை. 1832 இன் சீர்திருத்தச் சட்டம் 56 சிறு தொகுதிகளை முழுவதுமாக ஒழித்தது; ஓல்ட் சேரமும் அதில் போனது. 1785 இல் வில்லியம் பிட்டின் மகனான இளைய பிட் கொண்டுவந்து தோற்ற மசோதாவில், தொகுதியை இழப்பவர்களுக்கு இழப்பீடு தரும் திட்டம் இருந்தது. 1832 இல் அதெல்லாம் இல்லை. கேலடன் குடும்பத்தின் 60,000 பவுனுக்கு மிஞ்சியது நான் பார்த்துவிட்டு வந்த அந்தப் புல்மேடுதான்.