வளைகோடுகள் வெட்டிக்கொண்டால் ஒரே ஹசார்ட் ரேஷியோ போதுமா?

கேள்வி: இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் என் ஆய்வேட்டில் கப்லான்-மெய்யர் கோடுகள் (நாளாக ஆக எத்தனை பேர் நிகழ்வின்றி மிஞ்சுகிறார்கள் என்று காட்டுபவை) 5-ஆம் மாதத்தில் வெட்டிக்கொள்கின்றன. காக்ஸ் மாடல் தரும் ஹசார்ட் ரேஷியோ (மரணம் போன்ற நிகழ்வு நேரும் வேகத்தை இரு குழுக்களிடையே ஒப்பிடும் விகிதம்) 0.8. அந்த விகிதம் காலத்தோடு மாறுகிறதா என்று பார்க்கும் ஷோன்ஃபெல்ட் எச்சச் சோதனையில் பி-மதிப்பு 0.003. 0.8-ஐ மட்டும் எழுதிவிடலாமா?
- மருத்துவப் புள்ளியியல் மாணவி

பதில்: வேண்டாம். 1972-இல் டேவிட் காக்ஸ் தந்த மாடல், இரு குழுக்களின் ஹசார்ட் விகிதம் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. கோடுகள் வெட்டினால், அந்த விகிதம் வழியில் எங்கோ 1-ஐத் தாண்டியிருக்கிறது. 0.003 என்ற சிறிய பி-மதிப்பும் விகிதம் மாறுவதையே காட்டுகிறது. உங்கள் 0.8 அதையெல்லாம் கலந்த சராசரி. ஆய்வை இன்னும் ஓராண்டு நீட்டினாலோ, சென்சாரிங் (நிகழ்வு நேரும் முன்பே சிலரின் கண்காணிப்பு நின்றுபோவது) வேறு மாதிரி அமைந்தாலோ, அதே மருந்துக்கு வேறு எண் வரும்.

முதலில் ஏன் வெட்டுகின்றன என்று பாருங்கள். கிழக்காசியாவில் 1,217 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வில் ஜெஃபிடினிப் மாத்திரையைக் கீமோதெரபியோடு ஒப்பிட்டார்கள். நோய் முற்றாத காலத்தின் இடைநிலை ஜெஃபிடினிப், கீமோ குழுக்களில் முறையே 5.7 மாதம், 5.8 மாதம், வித்தியாசமே இல்லை. ஆனால் 12-ஆம் மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் அதே வரிசையில் 24.9%, 6.7%. மொத்த ஹசார்ட் ரேஷியோ 0.74. இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் பிறழ்வு உண்டா என்ற சோதனையின் முடிவு கிடைத்த 437 பேரைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது: பிறழ்வு உள்ளவர்களிடம் 0.48, இல்லாதவர்களிடம் 2.85. ஒரு சாராருக்கு நன்மை, மறு சாராருக்குத் தீமை. இரண்டும் சேர்ந்து 0.74 ஆகியிருந்தது. உங்கள் தரவிலும் சிகிச்சைக்கு முன்பே அளந்த, உயிரியல் காரணம் உள்ள மாறி இருந்தால் அதைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணில் பட்ட மாறிகளையெல்லாம் போட்டுத் துழாவக் கூடாது.

அதன் பிறகும் விகிதம் மாறினால், வரையறுத்த சராசரி வாழ்நாளைத் தாருங்கள். குறித்த மாதம் வரை கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு அது. 12 மாத எல்லைக்குக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 'அ' கோடு 6-ஆம் மாதம் வரை 1, பிறகு 0.5 என்றால்: 6 + 6×0.5 = 9 மாதம். 'ஆ' கோடு 3-ஆம் மாதம் வரை 1, பிறகு 0.75 என்றால்: 3 + 9×0.75 = 9.75 மாதம். கோடுகள் வெட்டினாலும் "12 மாதத்தில் சராசரியாக 0.75 மாதம் கூடுதல்" என்று நோயாளிக்கே சொல்லலாம். ஆர் மென்பொருளில் சர்வ்ஆர்எம்2 தொகுப்பு இதைச் செய்யும். குழுவை 0, 1 என்றே குறியிடுங்கள். எல்லையைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். கோட்டின் வாலில் இரண்டு மூன்று பேரே மிஞ்சியிருக்கும் இடத்துக்கு அதை நீட்டாதீர்கள்.

கேள்வி: காக்ஸ் மாடலில் சிகிச்சை × காலம் என்று பெருக்கிப் போட்டேன். நம்பவே முடியாத அளவு பெரிய விளைவு வருகிறது. ஏன்?

பதில்: காலம் என்று நீங்கள் கொடுத்தது ஒவ்வொருவரும் ஆய்வை விட்டு விலகிய நாள். "நீண்ட நாள் இருந்தவர் நீண்ட நாள் இருந்தார்" என்பதைத்தான் மாடல் கண்டுபிடித்திருக்கிறது. நிகழ்வு நேரும் ஒவ்வொரு நாளிலும், அன்று மிஞ்சியிருக்கும் எல்லோருக்கும் அந்த நாளின் மதிப்பே வர வேண்டும். ஆர் மென்பொருளின் காக்ஸ்பிஎச் கட்டளைக்குள் டிடி செயல்பாடு அதைப் பார்த்துக்கொள்ளும்.

இல்லையென்றால் ஆரின் சர்வ்ஸ்ப்ளிட் கட்டளை கொண்டு ஒவ்வொருவரின் வரிசையையும் காலத்துண்டுகளாக உடைக்கலாம். 14-ஆம் மாதம் இறந்தவரை 6-இல் வெட்டினால் 0–6, நிகழ்வு 0. 6–14, நிகழ்வு 1. கையால் உடைக்கும்போது இரண்டு வரிசையிலும் 1 போட்டுவிடுகிறார்கள். ஒருவர் இருமுறை இறந்துபோகிறார். வெட்டும் மாதத்தைக் கோடுகள் சந்திக்கும் இடம் பார்த்துத் தேர்ந்தால் விளைவு ஊதிப்போகும். இன்னொன்று: இரண்டாம் பகுதியின் விகிதம் 6 மாதம் தாண்டியவர்களுக்கு மட்டுமே உரியது. குலுக்கல் முறையில் பிரித்த சமநிலை அங்கே அப்படியே இருக்காது.

கேள்வி: இரு கோடுகளும் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் லாக்-ரேங்க் சோதனையில் பி 0.4. பின்காலத்துக்கு எடை கூட்டிய ஃபிளெமிங்-ஹாரிங்டன் சோதனையில் 0.02. எதை எழுதுவது?

பதில்: திட்ட வரைவில் முன்பே எதைக் குறித்தீர்களோ அதை. இம்யூனோதெரபி போலப் பலன் தாமதமாகத் தெரியும் மருந்துகளுக்கு அந்த எடை பொருந்தும். ஆனால் அது ஆரம்ப மரணங்களின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்தே முதல் மாதங்களில் ஆட்களைக் கொன்றாலும் பி-மதிப்பில் தெரியாமல் போகலாம். அதனால் கோடுகளையும், கீழே மாதவாரியாக எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற அட்டவணையையும் கட்டாயம் அச்சிடுங்கள்.