பழைய காருக்கு எந்தச் சைலன்சர்?

கேள்வி: சார், என்னிடம் இருப்பது 2005 மாடல் மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனசு வரவில்லை. வீட்டிலிருந்து கடை ஒன்றரை கிலோமீட்டர், ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வருவேன், அதோடு சரி. பின்பக்கச் சைலன்சர் ஓட்டையாகி இரண்டு தடவை பற்றவைத்தாயிற்று. மூன்றாவது தடவை போனால், "தகடு காகிதமாயிடுச்சு சார், இனி வெல்டிங் பிடிக்காது" என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி பார்ட்ஸ், லோக்கல், எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்) செய்து போடுவது என்று மூன்று விதமாக விலை சொல்கிறார்கள். மகனோ பெரிய பைப்பாகப் போடு, சத்தம் கெத்தாக இருக்கும் என்கிறான். எதைப் போடுவது?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பட்டறைக்காரர் சொன்னது சரிதான், அவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். ஊர் நாகப்பட்டினம் என்றதும் கடல் காற்றுதான் அரித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி அந்த ஒன்றரை கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. வண்டி அரை மணி நேரம் ஓடினால் சைலன்சர் முழுக்கச் சூடாகி அந்த ஆவி அப்படியே போய்விடும். நீங்கள் கடை வாசலில் நிறுத்தும்போது பின்பக்க டப்பா வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது. உள்ளே போன ஆவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்கி, புகையில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே தின்கிறது. வெளியே எத்தனை கோட் சில்வர் பெயின்ட் அடித்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான். வாரத்துக்கு ஒருமுறை திருவாரூர் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள், புதிய சைலன்சரின் ஆயுள் கூடும்.

சரி, எதை வாங்குவது? வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பித்தால் ஐந்தைந்து வருடமாகத்தான் தருகிறார்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி, அதற்குமேல் வைத்திருப்பதாக இல்லை என்றால் லோக்கல் சைலன்சரே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா வண்டி, கடைசிவரை என்னோடுதான் என்றால் கம்பெனி பார்ட்ஸ் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டதால் எல்லாக் கடையிலும் இருக்காது. ஆம்னிக்கும் இதே இன்ஜின்தானே, அந்தச் சைலன்சரை மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் ஒன்றுதான், ஆனால் ஆம்னியில் அது முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, பைப் போகிற வழியே வேறு.

எஸ்.எஸ். நல்ல யோசனைதான், ஆனால் எந்த எஸ்.எஸ். என்று கேளுங்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, 409 ரகத்தில் ஒட்டும். 409-உம் எஸ்.எஸ்.தான், நிறைய கார் கம்பெனிகள் சைலன்சருக்கு அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் காந்தம் ஒட்டினாலே போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். 304 விலை சொல்லிவிட்டு ஒட்டுகிற தகட்டைக் காட்டினால் மட்டும் கிளம்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, ஆர்டர் கொடுத்துச் செய்வதில் பிரச்சினை தகட்டில் இல்லை, டப்பாவுக்குள் இருக்கிற தடுப்புகளில்தான். கம்பெனிச் சைலன்சரில் சத்தத்தை அமுக்க அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரைத் திணித்து மூடிவிட்டால் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, அறுபதில் போகும்போது காருக்குள் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கிளம்பித் தலையைப் பிளக்கும். அதே ஆள் வேறொரு 800-க்குச் செய்து கொடுத்திருந்தால் அதில் ஏறி ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கே வாங்கினாலும் பழைய சைலன்சரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சென்னைப் பக்கம் வந்தால் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு என்று கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழசையும் புதுசையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, போல்ட் துளைகளின் இடைவெளி, பைப் வளைவு, ரப்பர் மாட்டும் கொக்கிகள் இருக்கும் இடம் மூன்றையும் பாருங்கள். கொக்கி ஒரு விரல்கடை தள்ளியிருந்தால் "இழுத்து மாட்டிடலாம் சார்" என்பார்கள். அப்படி இழுத்து மாட்டினால் இன்ஜின் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் வெல்டிங்கில் போய் விழும், சில மாதத்தில் கீறல் விடும். ஹேங்கர் ரப்பர், கேஸ்கட், போல்ட் எல்லாமே புதுசாக வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மாட்டும்போது எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக முறுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் லைனுக்கும் பைப்புக்கும் 35 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

முக்கியமான விஷயம், "அப்படியே கேட்டையும் எடுத்துடலாம் சார், இழுவை கூடும்" என்று ஒரு குரல் வரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் சொல்கிறார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள், பழசுக்கும் விலை உண்டு. அந்த அக்கறை உங்கள் இழுவை மேல்தானா என்று யோசித்துப் பாருங்கள். அடைத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான், நன்றாக இருப்பதைத் தொடவே விடாதீர்கள். பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிப்படி செய்த பெட்ரோல் காருக்குப் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு 0.5 சதவீதத்துக்குள் வர வேண்டும், கேட் இல்லாமல் அது வருவது கஷ்டம். முன்பக்க இணைப்புகளில் கசிவு இருந்தாலும் சிக்கல்தான். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டால், ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவாகப் போவதாக நினைத்து இன்னும் ஊற்றச் சொல்லும், மைலேஜ் விழும்.

தம்பிக்கு: 796 சிசி, மூன்று சிலிண்டர் வண்டி அது. பெரிய பைப் போட்டால் கீழ் கியரில் இருக்கிற கொஞ்ச இழுவையும் போகும், மிஞ்சுவது சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

புதுசு வரும்வரை ஓட்டைச் சைலன்சரோடு ஓட்டுவதாக இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். என்னுடைய பழைய ஜென்னில் இப்படித்தான், நடு பைப்பில் ஓட்டை, அதற்கு நேர் மேலே தரைத் தகட்டிலும் துரு. ஏ.சி. போட்டு மதுரை போய்ச் சேர்வதற்குள் பின் சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தலைவலி, குமட்டல், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே போனோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: என்னுடையது 1989 அம்பாசடர், பெட்ரோல். முழுச் சைலன்சர் செட்டும் மாற்றுகிறேன், கேட் சேர்த்துப் போட்டால் புகை குறையுமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட் கட்டாயமானதே 1995 ஏப்ரலில்தான், அதுவும் நான்கு பெருநகரங்களில் மட்டும். உங்கள் கார்புரேட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுகிற ரகம் இல்லை, கூடுதலாகப் போகும் பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உங்கள் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். கார்புரேட்டரைக் கழுவி டியூனிங் செய்தால் அதற்குள் வந்துவிடும்.

கேள்வி: போன மாதம் மாட்டிய புதுச் சைலன்சரின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை, காலையில் தண்ணீர் சொட்டுகிறது. எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார், என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அந்த எம்சீலைச் சுரண்டி எடுங்கள் அம்மா, முதல் வேலையாக. அது தண்ணீர் வடிவதற்கென்று வேண்டுமென்றே போட்ட துளை, கடைக்காரர் மேல் தப்பில்லை. காலையில் கொஞ்சம் சொட்டி, வண்டி சூடானதும் நின்றுவிட்டால் கவலையே இல்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் அது சைலன்சர் விவகாரம் இல்லை, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.