தீவாளா, ஓகர் கையுறையா, நகராத தடியா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி விளையாடுகிறோம். நான் 5-வது லெவல் ஃபைட்டர் (போர்வீரர்). ஸ்ட்ரெங்த் (வலிமை) 16, கையில் சாதாரண லாங்சோர்டும் கேடயமும். ஏற்கெனவே இரண்டு மந்திரப் பொருள்களோடு அட்டியூன் (பிணைப்பு) ஆகியிருக்கிறேன். ஃபிளேம் டங் வாள், கான்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர், இம்மூவபிள் ராட் மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் கையுறையை ஒதுக்கிவிடுங்கள். ஸ்ட்ரெங்த்தை 19 ஆக்கும் என்றதும் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் உங்களுக்கு 16-இல் பகடையோடு கூட்டிக்கொள்ள +3 இருக்கிறது, 19-இல் கிடைப்பது +4. உங்கள் அடி எதிரிமேல் படும் வாய்ப்பு டி20 என்னும் 20 முகப் பகடையில் 5 சதவீதம் கூடும், சேதத்தில் ஒரு புள்ளி கூடும், அவ்வளவுதான். அடுத்த லெவலிலேயே ஃபைட்டருக்குத் திறன் உயர்வு வருகிறது. அந்த 2 புள்ளிகளை ஸ்ட்ரெங்த்தில் போட்டால் 18, அதற்கும் அதே +4! கையுறை இருந்தால் அந்த 2 புள்ளிகளைக் கான்ஸ்டிட்யூஷனில் (உடல் உறுதி) போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றலாம். போடலாம், ஆனால் அதற்கு விலை உங்கள் கடைசி அட்டியூன்மென்ட் இடம். ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. முன்வரிசையில் நின்று கதாயுதம் வீசும் கிளெரிக் (பூசாரி) யாராவது ஸ்ட்ரெங்த் 10 வைத்திருந்தால் கதையே வேறு, பூஜ்யத்திலிருந்து +4-க்குத் தாவுவார்.

விதிப்புத்தகம் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் அபூர்வம் என்ற அளவுகோலையும் அதிகம் நம்பாதீர்கள். க்ளோக் ஆஃப் புரொடெக்‌ஷனும் ரிங் ஆஃப் புரொடெக்‌ஷனும் தருவது ஒன்றேதான்: ஏசிக்கும் (தற்காப்பு எண்) சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்திலிருந்து தப்பப் போடும் பகடை) +1. ஆனால் மோதிரம் ஒரு படி அபூர்வமானது என்று புத்தகம் சொல்கிறது.

தடி எனக்கு மிகவும் பிடித்த பொருள். பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும், 8,000 பவுண்டு வரை தாங்கும். கதவுக்குத் தாழ்ப்பாள், பள்ளத்தின் மேல் கயிறு கட்ட ஒரு கொக்கி, சரிந்துவரும் கூரைக்கு முட்டு, எல்லாமாகவும் ஆகும். அட்டியூன்மென்ட்டும் தேவையில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த யோசனை வேண்டும், அந்த யோசனைகளுக்கு இடம்தரும் டிஎம் வேண்டும். உங்கள் ஆட்டத்தில் பொறிகளும் புதிர்களும் பாதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்றால் தயங்காமல் தடியையே எடுங்கள்.

சண்டைதான் பெரும்பகுதி என்றால் வாள். லாங்சோர்டில் உங்கள் ஒரு அடி சராசரியாக 7.5 சேதம். தீ பற்றிய வாள் ஒவ்வொரு அடிக்கும் 2டி6 (இரண்டு ஆறு முகப் பகடை), அதாவது சராசரி 7 சேர்க்கிறது. ஏறக்குறைய இரட்டிப்பு, அதுவும் 5-வது லெவலில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. கிரிட்டிக்கல் (டி20-இல் 20) விழுந்தால் தீயின் பகடையும் இரண்டு மடங்கு. சாதாரண ஆயுதம் பாதிதான் காயப்படுத்தும் எதிரிகளிடமும் இது முழு வலுவோடு வெட்டும். தீ மூட்ட ஒரு போனஸ் ஆக்‌ஷன் போகும், ஆகவே அந்தச் சுற்றில் அதே வாய்ப்பைக் கேட்கும் செகண்ட் விண்ட் (உயிர்ப்புள்ளி மீட்பு) கிடையாது. 40 அடி தூரத்துக்குப் பிரகாசமாக ஒளிரும் என்பதால் ஒளிந்து போகும்போது மூட்டாதீர்கள்.

உங்கள் கதை நரகத்தை நோக்கிப் போகிறதா என்று டிஎம்மிடம் ஜாடையாகக் கேட்டுப் பாருங்கள். டெவில்கள் பெரும்பாலானவற்றைத் தீ தொடாது. அப்படியானால் மீண்டும் தடிதான். இல்லையென்றால் வாளை எடுத்த கையோடு ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) கேளுங்கள். அந்தக் கடைசி இடத்தில் அட்டியூன் ஆகும்வரை அதில் தீ எரியாது.