பெரிய ஏசி வாங்கும் முன்

கேள்வி: வீடு கட்டி ஒரு வருஷம் ஆகிறது. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் போட்டோம். ஆனாலும் மாடி அறை குளிரவே மாட்டேன் என்கிறது, கரண்ட் பில்லும் குறையவில்லை. பெரிய ஏசியாக மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். பெரிய ஏசி வேகமாகக் குளிரவைத்துச் சட்டென நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு அவகாசம் இருக்காது, அறை பிசுபிசுக்கும். முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பஞ்சு வெப்பத்தைத்தான் மட்டுப்படுத்தும், காற்றோட்டத்தை நிறுத்தாது.

வீடுகளைச் சோதிப்பதுதான் என் தொழில். வாசற்கதவில் ஒரு சட்டம் பொருத்தி, அதில் விசிறி வைத்து, உள்காற்றை வெளியே இழுப்பேன். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரவேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலான காற்று எல்லாப் பக்கமும் ஒன்றாக மோதுகிற மாதிரி. (எரிவாயு அடுப்பு, ஹீட்டர் எல்லாம் அணைத்த பிறகே விசிறியைப் போடுவேன். இல்லாவிட்டால் புகைக்குழாயில் போகவேண்டிய நச்சுப்புகை வீட்டுக்குள் திரும்பிவிடும்.) அந்த அழுத்தத்தில் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது கணக்கில் தெரிந்துவிடும். மிகக் குறைந்த சக்தியில் இயங்கும் வீடுகளுக்கென ஜெர்மனியில் பிறந்த பாஸிவ் ஹவுஸ் தரத்துக்கு அது 0.6-ஐத் தாண்டக்கூடாது.

விசிறி ஓடும்போதே ஊதுவத்தியோடு அறை அறையாக நடப்பேன். எல்லோரும் சந்தேகப்படும் ஜன்னலோரத்தில் பெரும்பாலும் புகை நேராக எழும். ஸ்விட்ச் போர்டு அருகே அறைப்பக்கம் சாயும். மாடியில், ஃபால்ஸ் சீலிங் விளக்குத் துளைக்கு அடியில் பிடித்தால் புகை கீழே அமுங்கும். விரலை வைத்தால் கூரைச்சூடு தெரியும். உங்கள் மாடி அறையில் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளைகளைத்தான்.

1970-களில் அமெரிக்காவின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் கண்டதும் இதுவே: பஞ்சைச் சுற்றிக்கொண்டு, சுவரிடுக்குகள் வழியே சூடு கூரைக்கடியில் போய்க்கொண்டிருந்தது. அங்கே அது குளிருக்குச் சூடேற்றிய வீடு. உங்களுக்குத் திசைதான் மாறுகிறது.

துளைகளை அடைத்ததும் மறுபடி விசிறி போட்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். 'அடைத்தாயிற்று' என்ற வாய்வார்த்தை போதாது. நன்றாக அடைத்த வீட்டுக்குப் புதுக்காற்று வர தனி விசிறியும் அவசியம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏசிக் காற்றுக்குழாய் இருந்தால் அதன் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்தபின் இப்போதிருக்கும் ஏசியையே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.